அறுபது எண்ணும் வரை

காலை ஐந்தேமுக்காலுக்குக் குணரத்தினம் நெஞ்சுத் துணியை மூன்றாம் தடவையாக அவிழ்த்துக் கட்டினான். முதல் கட்டு தளர்வாக இருந்தது. இரண்டாவது மூச்சை முட்டியது. மூன்றாவதும் சரியில்லை. அதன்மேல் பனியனையும் சேட்டையும் போட்டுக்கொண்டு குசினிக்கு வந்தான்.

நல்லம்மா பாணும் நேற்றைய மீன் குழம்பும் வைத்திருந்தாள். கூப்பன் சீனி போன கிழமையே முடிந்துவிட்டது. தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் ஒரு துண்டு பனங்கட்டி இருந்தது.

“சாப்பிடுங்கோ.”

“ஏலாது.”

“போன முறையும் வெறுவயித்தோட போய்த்தான் மயங்கினனீங்கள்.”

“வெறுவயித்தால மயங்கேல்லை.”

“எனக்குத் தெரியாதோ? சாப்பிட்டிட்டு மயங்கினால் எனக்கு ஒரு ஆறுதல்.”

அவன் பாணைப் பிய்த்தான். வாயில் வைக்கவில்லை. வெளியே கச்சான் காற்று கிடுகு வேலியை அடித்துக்கொண்டிருந்தது. கோப்பையின் விளிம்பில் மணல் படிந்தது. நல்லம்மா அதை விரலால் துடைத்தாள்.

“டொக்டர் சொன்னது ஞாபகம் இருக்கோ?”

“இருக்கு.”

“சொல்லுங்கோ பாப்பம்.”

“நீ என்ன, ரீச்சரோ?”

“சொல்லுங்கோ.”

“கட்டி இருந்தால் கர்ப்பப்பையை எடுக்கலாம். கட்டி இருக்கோ எண்டு கைவைச்சுப் பாக்காமல் கத்தி வைக்கேலாது.”

“பிறகு?”

“அவர் வாற மாசம் காலிக்கு மாத்தலாகிப் போறார்.”

“அப்ப இண்டைக்குத்தான்.”

“ஓம். இண்டைக்குத்தான்.”

பன்னிரண்டு வருடத்துக்கு முன் மன்னார்ப் பக்கத்திலிருந்து சல்லி என்ற இந்தக் கடற்கரை ஊருக்கு வந்தபோது அவனிடம் ஒரு துணிப்பை இருந்தது. குணரத்தினம் என்ற பெயர் இருந்தது. சங்கு குளிக்கத் தெரிந்திருந்தது. சுழியோடியிடம் சல்லியில் அதற்குமேல் கேள்வி இல்லை. பனியனோடு கடலில் இறங்குவான். மன்னாரானுக்குக் குளிர் என்று வள்ளங்களில் பகிடி பண்ணினார்கள். மாதத்தில் மூன்று நாள் கடலுக்குப் போகமாட்டான். காதுக்குத்து என்பான். ஆழத்தில் இறங்குகிற எல்லோருக்கும் காது குத்தும். ஒருவரும் சந்தேகப்படவில்லை. எட்டு வருடத்துக்கு முன் முத்துமாரியம்மன் கோவிலில் நல்லம்மாவுக்குத் தாலி கட்டினான். அவளுக்கு அதற்கு முன்பே எல்லாம் தெரியும். அவனே சொல்லியிருந்தான்.

இந்த வருடம் மூன்று நாள் பத்து நாளாயிற்று. பிறகு பதினைந்து. நல்லம்மா சாரத்துக்குக் கீழே மறைத்துக் காயப்போடும் துணிகள் கொடியை நிறைத்தன. சித்திரையில் வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போனார்கள். அறைக்குள் இருந்த கட்டிலைக் கண்டதும் அவன் திரும்பி நடந்து பஸ் ஏறிவிட்டான். உடம்பின் அந்தப் பக்கத்தை அவன் பார்ப்பதில்லை. அதற்குப் பெயர் சொல்வதில்லை. குளிக்கும்போதுகூடச் சாரத்தைக் களைவதில்லை. அதை விளக்கொளியில் ஒருவருக்கு விரித்துக் காட்டு என்றால் எப்படி?

பிறகு பட்டினத்தில் மாதம் ஒருமுறை கிளினிக் வைக்கும் இந்த டொக்டரிடம் போனார்கள். கர்ப்பப்பையில் கட்டியாக இருக்கலாம், அப்படியென்றால் பையோடு எடுத்துவிடலாம் என்றார். குணரத்தினம் ஒரு கேள்விதான் கேட்டான்.

“எடுத்தால் பிறகு வராதோ?”

“ஒருக்காலும் வராது.”

நெஞ்சைப் பற்றியும் கேட்டான். அதை எடுக்கத் தன்னிடம் காரணம் இல்லை என்றார் டொக்டர். அவர் சிரிக்கவில்லை. அதனால்தான் அவன் கட்டிலில் ஏறினான். ஏறியவன் அசையாமல் கிடந்தான். சற்று நேரத்தில் நல்லம்மா அவன் உதடுகள் நீலமாகியிருப்பதைக் கண்டாள். மூச்சு நின்றிருந்தது. கன்னத்தில் அடித்து எழுப்பினார்கள். சோதனை நடக்கவில்லை.

அன்று திரும்பும் வழியில் உப்புவெளியில் சைக்கிளை நிறுத்தி வேலியோரம் குந்தினான். ஒருக்காலும் வராது, ஒருக்காலும் வராது என்று சொல்லிக்கொண்டிருந்தான். அடுத்த வெள்ளிக்கிழமை நல்லம்மா கோவிலுக்குப் போனாள். கட்டி இருக்கவேணும் என்று அம்மனுக்கு நேர்த்தி வைத்த ஒரே பொம்பிளை நான்தான் என்று வந்து சொன்னாள்.

இப்போது அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“தண்ணிக்குள்ள பயமில்லை, கயிறு இருக்கு எண்டு சொன்னனீங்களல்லோ.”

“சொன்னனான். அதுக்கு?”

“அண்ணைக்குச் சொல்லிப்போட்டன்.”

அவன் கை பாணோடு நின்றது.

“என்னத்தைச் சொன்னனீ?”

“ஆஸ்பத்திரிக் கட்டிலில படுக்க இவருக்குப் பயம், கயிறு பிடிக்க ஆள் வேணும் எண்டு.”

“எந்தக் கிளினிக் எண்டு சொன்னனியோ?”

“பொம்பிளையள்ர கிளினிக் எண்டும் சொன்னனான்.”

“அவர் என்ன கேட்டவர்?”

“எத்தினை மணிக்கு எண்டு கேட்டவர்.”

படலையில் சைக்கிள் மணி அடித்தது.

நல்லம்மாவின் அண்ணன் தம்பிராசா உள்ளே வரவில்லை. கரியரில் கயிற்றுச் சுருள் கட்டியிருந்தது. கடல் கயிறுதான். நுனியில் கால் நுழைக்கும் வளையத்தோடு அப்படியே எடுத்து வந்திருந்தான்.

“மச்சான், வெளிக்கிடு. காத்து முகத்தில அடிக்குது. சாம்பல்தீவுப் பாலத்தில இறங்கித்தான் உருட்டவேணும்.”

“நீங்கள் ஏன் வீணா…”

“இண்டைக்குக் கடல் கலங்கல். சங்கும் இல்லை, மண்ணும் இல்லை. வீட்டில இருந்தால் என்ர மனுசி விறகு கொத்தச் சொல்லுவாள். ஆஸ்பத்திரி நல்லது.”

சுழியோடியின் கயிற்றை மச்சான்தான் பிடிக்கவேண்டும் என்பது அங்கே வழக்கம். தன் சகோதரியின் தாலி தண்ணீருக்குள் இருக்கும்போது ஒருவன் கயிற்றை விட்டுவிட்டுப் பீடி பற்றவைக்கமாட்டான். எட்டு வருடமாகக் குணரத்தினத்தின் கயிறு தம்பிராசாவின் கையில்தான். ஒரு இழுப்பு என்றால் இருக்கிறேன். இரண்டு என்றால் கயிற்றை விடு. மூன்று என்றால் தூக்கு. ஒன்றுமே வராவிட்டால் அறுபது எண்ணவேண்டும். அறுபதுக்குள் ஒரு இழுப்பும் இல்லையென்றால் கேள்வி கேட்காமல் தூக்கவேண்டும்.

ஆறு வருடத்துக்கு முன் ஒரு தடவை அறுபது வந்தது. குணரத்தினம் கண் விழித்தபோது வள்ளத்தின் அடியில் கிடந்தான். வாயில் உப்பும் இரத்தமும். வள்ளத்தில் தம்பிராசாவும் வள்ளக்காரர் பக்கீரும் இருந்தார்கள். ஒருவரும் அவனைப் பார்க்கவில்லை. கரைக்கு வந்து வீட்டில் பனியனைக் கழற்றியபோது நெஞ்சுத் துணி வேறு விதமாகக் கட்டப்பட்டிருந்தது. அவன் முடிச்சுப் போட்டு நுனியைத் தொங்கவிடுவான். இந்த முடிச்சில் நுனி இரண்டாக மடித்து உள்ளே செருகப்பட்டிருந்தது.

இரண்டு பேரில் ஒருவர்தான் அதை அவிழ்த்துக் கட்டியிருக்கவேண்டும். பக்கீர் அடுத்த வருடம் மூதூருக்குப் போய்விட்டார். தம்பிராசா மறுநாளும் வந்து மச்சான் என்று கூப்பிட்டான். குணரத்தினம் கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும்.

வழியில் நல்லம்மா குணரத்தினத்தின் சைக்கிள் கரியரில் இருந்தாள். பாலத்தில் மூவரும் இறங்கி உருட்டினார்கள். காற்று வெக்கையாக இருந்தது.

கிளினிக்கில் பெண்கள் வாங்குகளில் நெருக்கி இருந்தார்கள். புருஷன்மார் வெளியே வேப்பமரத்தடியில் நின்றார்கள். போன மாதம் போலவே நல்லம்மா அட்டையைக் கொடுத்து இலக்கம் எடுத்தாள். அட்டையில் இருந்தது அவனுடைய பழைய பெயர். வீட்டில் அதை ஒருவரும் உச்சரிப்பதில்லை. பதினோராவது இலக்கம்.

ஒன்பதாவது ஆள் உள்ளே போனபோது அவன் வந்து கதவோரம் நின்றான். வாங்கில் இருந்த ஒரு பருத்த பெண் நல்லம்மாவின் தொடையைத் தட்டினாள்.

“என்ன பிள்ளை, மனுசன் விட்டிட்டு நிக்கமாட்டாரோ? உள்ளுக்கும் வரப்போறாரோ?”

“அவருக்கு என்னைவிடப் பயம்.”

“அப்ப அவரையே கட்டிலில ஏத்தச் சொல்லு.”

வாங்கு முழுவதும் சிரித்தது. நல்லம்மாவும் சிரித்தாள். குணரத்தினத்தின் கழுத்தில் வியர்வை இறங்கியது.

அட்டையில் இருந்த அந்தப் பெயரை உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். நல்லம்மா எழுந்தாள்.

“நான்தான்,” என்றாள்.

கதவில் நின்ற அற்றென்டன் அம்மா புதியவர். கிண்ணியாப் பக்கத்து ஆள், உம்மு குல்சும் என்று பெயர். வெள்ளைச் சேலை முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டிருந்தார். குணரத்தினத்தின் நெஞ்சுக்குக் குறுக்கே கையை நீட்டினார்.

“ஆம்புளையள் உள்ளுக்கு வரப்படா மகன். இது பொம்புளையள்ர அறை. வெளியால நில்லுங்க.”

அன்று காலையிலிருந்து அவனுக்கு நல்லதாகக் கேட்ட முதல் வார்த்தை அது. அவன் அப்படியே நின்றான். உள்ளேயிருந்து டொக்டர், “அவரை விடுங்கோ,” என்றார்.

கதவு மூடப்பட்டது. டொக்டர் இரண்டு வசனத்தில் உம்மு குல்சுமுக்கு விளங்கப்படுத்தினார். அவர் அட்டையைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். கையைக் கழுவப் போய்விட்டார்.

நல்லம்மா கயிற்றைப் பற்றிச் சொன்னாள். டொக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“கயிறு எதுக்கு? நானும் இஞ்சதானே நிக்கிறன். நோகுதெண்டால் வாயால சொல்லட்டும்.”

“அவரால வாயால சொல்ல ஏலாது ஐயா.”

“ஆர் பிடிக்கிறது?”

“என்ர அண்ணை. பின் விறாந்தையில நிக்கிறார்.”

“வெளியில இன்னும் இருபது பேர் இருக்கினம், தங்கச்சி.”

“கயிறு இல்லாட்டி இவர் ஏறமாட்டார். ஏறினாலும் போன மாசம் மாதிரித்தான்.”

டொக்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். “மூண்டு தரம் இழுத்தால் நான் நிப்பாட்டவேணும். அவ்வளவுதானே?”

“ஓம் ஐயா.”

பின் கதவை ஒரு சாண் திறந்தார்கள். தம்பிராசா முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை மட்டும் உள்ளே நீட்டினான்.

“கையைத் தா மச்சான்.”

கயிறு மணிக்கட்டை உரஞ்சும் என்று, முகம் துடைக்கும் தன் லேஞ்சியைக் குணரத்தினத்தின் கையைச் சுற்றிக் கட்டினான். அதன்மேல் வளையத்தை நுழைத்து இறுக்கினான். கதவு சாத்தப்பட்டது. கயிறு கதவின் கீழால் வெளியே போயிற்று.

“என்ன மகன், மாடு கட்டுற கயிறா?” என்றார் உம்மு குல்சும்.

மறைப்புத் துணிக்குப் பின்னால் கட்டில் இருந்தது. அவன் சாரத்தை அவிழ்த்து வெள்ளைத் துணியைச் சுற்றினான். ஏறிப் படுத்தான். ரெக்சின் முதுகில் ஒட்டியது. நல்லம்மா தலைமாட்டில் வந்து நின்று தோளைத் தொட்டாள்.

“தொடாதை.”

அவள் கையை எடுத்துவிட்டாள். டொக்டர் விளக்கைத் திருப்பினார்.

“காலை மடியுங்கோ. இன்னும் கொஞ்சம். மூச்சை விடுங்கோ.”

கை குளிராக இருந்தது. அதற்குப் பிறகு குணரத்தினம் அங்கே இல்லை. கூரையில் ஒரு பல்லி இருந்தது. அது மிகத் தூரத்தில் இருந்தது. யாரோ ஒருத்தியின் உடம்பைக் கட்டிலில் வைத்து யாரோ பார்க்கிறார்கள். அவளுக்கு அட்டையில் இருந்த பெயர். அவனுக்கு அதில் சம்பந்தமில்லை.

“நல்லது. அப்பிடியே இருங்கோ,” என்றார் டொக்டர். “போன முறையைவிட எவ்வளவோ மேல்.”

கயிறு திடீரென்று விறைத்தது.

அடுத்த இழுப்பில் அவன் கை தலைக்குமேல் போயிற்று. அதற்கடுத்ததில் தோள் கட்டிலை விட்டு எழும்பியது. தம்பிராசா வள்ளத்தில் இழுப்பதுபோல, கைமேல் கை போட்டு, முழுப் பாரத்தையும் கொடுத்து இழுத்தான். மறைப்புத் துணி கம்பியோடு சரிந்தது. தட்டு கீழே விழுந்து கத்தரிகள் சிதறின. குணரத்தினம் அரைவாசி உடம்பு வெளியே தொங்க வாயைத் திறந்து காற்றை உள்ளே இழுத்தான். நீர்மட்டத்துக்கு வந்தவனின் சத்தம் அது.

“என்ன விசர் வேலை இது!” டொக்டர் பின்னால் பாய்ந்தார். “ஆர் இழுக்கச் சொன்னது? அந்தாள் ஒரு தரமும் இழுக்கேல்லையே!”

கதவுக்கு வெளியிலிருந்து குரல் வந்தது.

“அதாலதான் ஐயா இழுத்தனான்.”

“என்ன?”

“அறுபது எண்ணிப்போட்டன். ஒண்டும் வரேல்லை.”

“அவர் அமைதியாத்தான் கிடந்தார். நான் பாத்துக்கொண்டுதானே நிக்கிறன்.”

“அவன் அமைதியாக் கிடந்தால் மூச்சில்லை ஐயா. எனக்குத் தெரியும்.”

டொக்டர் திரும்பினார். குணரத்தினத்தின் உதடுகளைப் பார்த்தார். நல்லம்மா அவன் மேல் துணியை இழுத்து மூடிக்கொண்டிருந்தாள். அவன் இருமினான். உம்மு குல்சும் கத்தரிகளைப் பொறுக்கித் தட்டில் போட்டார். வெளியே வாங்கில் பேச்சு நின்றுவிட்டது.

டொக்டர் கதிரையை இழுத்து உட்கார்ந்தார். கையுறையைக் கழற்றினார்.

“இன்னும் முடியேல்லை,” என்றார். “நான் இன்னும் ஒண்டும் பாக்கேல்லை.”

குணரத்தினம் வெள்ளைத் துணியை இறுக்கிப் பிடித்தான்.

“இப்ப வீட்டை போறதெண்டால் போகலாம். நான் குறை சொல்லமாட்டன். ஆனால் என்ர இடத்துக்கு ஆர் வருவினம் எண்டு எனக்குத் தெரியாது. அவை உங்களை எப்பிடிப் பாப்பினம் எண்டும் தெரியாது.”

கயிறு தரையில் தளர்ந்து கிடந்தது. அவன் அதைப் பார்த்தான்.

“எத்தினை நேரம்?” என்று கேட்டான்.

“ரெண்டு நிமிசம்.”

“நூற்றிருபது.”

“ஓம். நூற்றிருபது.”

“முப்பதுக்கு ஒருக்கா நிப்பாட்டுங்கோ. நான் இழுத்தால் பிறகு தொடங்குங்கோ. இழுக்காட்டித் தொடங்கவேண்டாம்.”

டொக்டர் தலையசைத்தார். கதவைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். “வெளியில நிக்கிறவர், கேட்டதோ?”

“கேட்டது ஐயா. நானும் எண்ணுறன்.”

மறைப்புத் துணியை உம்மு குல்சும் நிமிர்த்தினார். பிறகு கட்டிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அதன் முன்னால் நின்றார்.

“எனக்கு இடுப்பில நாரி நோவு,” என்றார் பொதுவாக. “இப்பிடித்தான் நிப்பன்.”

டொக்டர் புதுக் கையுறை போட்டு, கைகளை வெந்நீரில் நனைத்துக்கொண்டு வந்தார். இந்த முறை வாய்விட்டு எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று. பதினேழில் பல்லி மறுபடியும் தூரப் போகத் தொடங்கியது. குணரத்தினம் கூரையிலிருந்து கண்ணை எடுத்துத் தன் மணிக்கட்டைப் பார்த்தான். லேஞ்சி நீலக் கட்டம் போட்டது. ஓரத்தில் பீடி சுட்ட ஓட்டை. முடிச்சு இறுக்கமாக இருந்தது. அதன் நுனி இரண்டாக மடித்து உள்ளே செருகப்பட்டிருந்தது.

“முப்பது,” என்றார் டொக்டர்.

கை நின்றது. அவன் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“தம்பி, இழுக்கேல்லை நீங்கள்.”

அவன் ஒரு தரம் இழுத்தான். கதவுக்கு வெளியிலிருந்து ஒரு இழுப்பு திரும்பி வந்தது.

முப்பத்தொன்று. நொந்தது. அவன் உடம்புதான் நொந்தது, வேறு யாருடையதும் அல்ல. பல்லைக் கடித்தான். கண்ணீர் காதுக்குள் இறங்கியது. அறுபதில் இழுத்தான். திரும்பி வந்தது. தொண்ணூறில் இழுக்க அதிக நேரம் எடுத்தது. டொக்டர் காத்திருந்தார். நல்லம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். அவன் இழுத்தான்.

நூற்றுப் பதினொன்றில் டொக்டர் எண்ணுவதை நிறுத்தினார்.

“இருக்கு,” என்றார்.

“என்ன ஐயா?” என்றாள் நல்லம்மா.

“கட்டி. தேசிக்காய் அளவு. பெரிசில்லை, ஆனால் இருக்கு. ஒப்பரேசனுக்கு எழுத இது போதும்.”

“அம்மாளாச்சி!” நல்லம்மா வாய்விட்டுச் சிரித்தாள்.

உம்மு குல்சும் திரும்பாமலே சொன்னார். “கட்டியெண்டு சொன்னதுக்குச் சிரிக்கிற சனத்தை இண்டைக்குத்தான் கண்டன்.”

குணரத்தினம் சிரிக்கவில்லை. எழுந்து உட்கார்ந்தான். மறைப்புக்குள் சாரத்தைக் கட்டி, சேட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டான். மேல் பொத்தான் விழவில்லை. அதை விட்டுவிட்டான்.

டொக்டர் மேசையில் எழுதிக்கொண்டிருந்தார். வருகிற வியாழக்கிழமை அனுமதி, வெள்ளிக்கிழமை சத்திரசிகிச்சை. வாட்டில் எங்கே போடுவது என்று உம்மு குல்சுமைப் பார்த்தார்.

“சாமான் வைக்கிற சின்ன அறை ஒண்டு கிடக்கு ஐயா. கூட்டித் தாறன். பொம்புளையள்ர வாட்டில இவர் எப்பிடிப் படுக்கிற?”

“ஒரு உறவினர் கையெழுத்துப் போடவேணும்,” என்றார் டொக்டர். “ஆண் உறவினர். படிவத்தில அப்பிடித்தான் இருக்கு.”

நல்லம்மா பின் கதவைத் திறந்தாள். தம்பிராசா கயிற்றின் மறுமுனையை இன்னும் கையில் சுற்றிப் பிடித்திருந்தான். உள்ளங்கைகள் சிவந்திருந்தன. மேசைக்கு வந்து காகிதத்தைப் பார்த்தான். மேலே அந்தப் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. அவன் கண் அதில் ஒருகணம் நின்றது. குணரத்தினம் சுவரைப் பார்த்தான்.

“இவருக்கு நீங்கள் என்ன முறை?” என்று டொக்டர் கேட்டார்.

“மச்சான்.”

டொக்டர் எழுதினார். தம்பிராசா பேனையை முழு விரல்களாலும் பிடித்து மெதுவாகக் கையெழுத்து வைத்தான்.

“நல்லாய் இழுக்கிறீர்,” என்றார் டொக்டர். “என்ர தட்டில ஒரு கத்தரி வளைஞ்சுபோச்சு.”

“கடலில இதைவிடப் பாரம் ஐயா.”

பின் விறாந்தையில் வெயில் ஏறியிருந்தது. நல்லம்மா மருந்துத் துண்டு வாங்க வரிசைக்குப் போனாள். வாங்கிலிருந்த பருத்த பெண், “என்ன பிள்ளை, உள்ளுக்க வீடு இடிஞ்சதோ?” என்று கேட்பது கேட்டது. தம்பிராசா தரையில் குந்தி, கயிற்றை முழங்கைக்கும் பெருவிரலுக்கும் இடையில் சுற்றத் தொடங்கினான். குணரத்தினம் தூணில் சாய்ந்து நின்றான்.

“பசிக்குதோ?” என்றான் தம்பிராசா.

“ஓம்.”

“சந்தியில அபூதாஹிர்ர கடையில இடியப்பம் இருக்கும். சொதியும் இருக்கும். இந்நேரம் போனால்தான்.”

“போவம்.”

“லேஞ்சியைக் கழட்டித் தா. முகம் துடைக்க ஒண்டுமில்லை.”

குணரத்தினம் கையை நீட்டினான். தம்பிராசா கயிற்றை மடியில் வைத்துவிட்டுக் குனிந்து, மடித்துச் செருகிய நுனியை நகத்தால் வெளியே எடுத்தான். அது உடனே வரவில்லை.

“ஆறு வருசமாத் தெரிஞ்சுகொண்டே என்ர கயித்தைப் பிடிச்சனீங்களோ, மச்சான்?”